மூன்றாம் ஆண்டைத் தாண்டாத கோட்டை: பகடையா, கைப்பிழையா?

கேள்வி (2023 பிப்ரவரி 3)

குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டி நடத்தும் ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி விளையாட்டில் இதுவரை ஐந்து கோட்டைகளைத் தொடங்கிவிட்டேன். ஒன்றுகூட மூன்றாம் ஆண்டைத் தாண்டவில்லை. ஒன்று வெள்ளத்தில் போயிற்று. ஒன்றைக் கோப்ளின்கள் என்ற பகை இனத்தார் படையெடுத்து அழித்தார்கள். ஒன்றில் ஒரு குள்ளருக்குப் பைத்தியம் பிடித்து எல்லாம் குலைந்தது. மற்ற இரண்டும் ஏன் விழுந்தன என்றே தெரியவில்லை. கணினி உருட்டும் பகடைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று தோன்றுகிறது. இந்த ஆட்டத்தில் திறமைக்கு இடம் உண்டா?

2023 பிப்ரவரி 3, இரவு

பகடைக்கு வேலை உலகம் உருவாகும் வரைதான். மலை எங்கே எழ வேண்டும், ஆறு எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்த இனம் எந்த இனத்தோடு எத்தனை ஆண்டுகள் போரிட்டது என்பதையெல்லாம் கணினி தன் போக்கில் முடிவு செய்துவிடுகிறது. ஆனால் ஏழு குள்ளர்கள் ஒரு வண்டியோடு வந்து இறங்கியபின் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்கும் முன்னால் இன்னொரு காரணம் உண்டு. பொறுமையோடு பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் நாம் என்றோ அலட்சியமாகக் கொடுத்த ஒரு கட்டளையில் போய் நிற்போம்.

என் கோட்டையையே சொல்கிறேன். 2022 டிசம்பர் 6 அன்று ஸ்டீம் என்ற இணைய விற்பனைத் தளத்தில் படங்களோடு கூடிய பதிப்பு வெளியான வாரத்தில் தொடங்கியது. அதற்கு முன் பல ஆண்டுகள், படங்களுக்குப் பதில் எழுத்துக் குறிகளையே காட்டும் பழைய எழுத்து வடிவப் பதிப்பை ஆடியவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. குளிர்ப் பிரதேசம், மலையடிவாரத்தில் ஓர் ஓடை. குளிர்காலத்தில் ஓடை முழுவதும் பனிக்கட்டியாக உறைந்துவிடும். உறைந்திருக்கும்போதே கோட்டையிலிருந்து ஓடை வரை ஒரு சுரங்க வழி வெட்டி, நடுவில் ஒரு மதகு வைத்து, வசந்தத்தில் மதகைத் திறந்து மருத்துவமனைக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். பனியைச் சுவர்போலவே வெட்ட முடியும் என்பதால் கடைசிக் கட்டத்தையும் அப்போதே வெட்டச் சொல்லிவிட்டேன். மதகுப் பலகை தயாராக இருந்தது. நெம்புகோலும் அதை மதகோடு பிணைக்கும் பொறிகளும்தான் மிச்சம்.

வசந்தம் பிறந்தது. சுரங்க வழியின் கோடியில் வெள்ளையாக இருந்த கட்டம் நீலமாயிற்று. நான் அதைக் கவனித்தபோது தண்ணீர் நடுப்படிக்கட்டை அடைந்து, தளம் தளமாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. படுக்கையறைகளை மிகக் கீழே வைத்திருந்தேன், சத்தம் கேட்காமல் உறங்கட்டும் என்று. இந்த ஆட்டத்தில் நீரின் ஆழம் 1 முதல் 7 வரை எண்களால் அளக்கப்படுகிறது. முதல் படுக்கையறையில் 2. அடுத்த முறை பார்க்கையில் 5. அதன்பின் எல்லா அறைகளிலும் 7. அன்று 31 பேர் இருந்தார்கள். 11 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பொறிகள் செய்யும் கடோல்.

பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வந்தது மதகு இல்லாததால். மதகு இல்லாதது, பொறிகள் எல்லாம் சேரட்டும் என்று அதை நிறுவாமலே நான் விட்டுவைத்திருந்ததால்: நெம்புகோலை நிறுவ 1, பிணைக்க 2, ஆக 3 பொறிகள் வேண்டும், என்னிடம் இருந்தது 1. பொறிகள் போதாதது கடோல் இரண்டு மாதமாகப் பட்டறைப் பக்கமே போகாததால். அவர் போகாதது, கிடங்கில் குவிந்த கற்களைச் சுமக்கும் வேலையை எல்லோருக்கும் சேர்த்து அவருக்கும் நான் கொடுத்திருந்ததால். இதில் பகடை எங்கே இருக்கிறது?

2023 பிப்ரவரி 4

பனி உருகப்போவதை ஆட்டம் முன்கூட்டி எச்சரிக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். வசந்தம் வந்துவிட்டது என்ற ஒற்றை வரி அறிவிப்பைத் தவிர வேறில்லை. ஆனால் ஆண்டுக்கு 12 மாதம், மாதத்துக்கு 28 நாள், பருவத்துக்கு 84 நாள் என்ற கணக்கு ஒருபோதும் மாறாது. நாட்காட்டி எப்போதும் திரையில் இருக்கிறது. நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

2023 பிப்ரவரி 7

மேலே எழுதியதில் ஒரு திருத்தம் வேண்டும். மதகு மட்டும் இருந்திருந்தால் போதும் என்ற எண்ணம் வரும்படி எழுதிவிட்டேன். அது பாதி உண்மை.

முதலாவது, நெம்புகோலை இழுத்தவுடன் மதகு மூடிவிடாது. 100 கணிப்புகள் (ஆட்டம் காலத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) கழித்தே அசையும். ஒரு நாள் என்பது 1,200 கணிப்புகள் என்பதால் இது ஆட்டத்தின் கணக்கில் சிறிது நேரம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு குள்ளர் தாம் செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு நெம்புகோல் வரை நடந்து வர வேண்டும். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம், உறங்கிக்கொண்டிருக்கலாம். மதகு வேலை செய்யும் நேரம் நெம்புகோல் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. எனவே நெம்புகோலை எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள உணவுக்கூடத்துக்கு அருகில் வையுங்கள்.

இரண்டாவது, அழுத்தம். புதியவர்களின் கோட்டைகளைக் கோப்ளின்களைவிட அதிகம் அழித்தது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். உயரத்தில் உள்ள ஆற்றிலிருந்து நீரைக் கீழே இறக்கி, அடியில் ஒரு தொட்டி கட்டி, தொட்டிக்கு மேலே கிணறு அமைக்கிறோம். தொட்டி நிரம்பியதும் நீர் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். நிற்காது. வந்த உயரத்தை எட்டும் வரை மேலேறப் பார்க்கும். கிணற்று வாய்தான் அதற்குக் கிடைக்கும் வழி. கிணற்றைச் சுற்றி உணவுக்கூடம் இருந்தால் அங்கே மேசை நாற்காலிகள் மிதக்கும். பழைய பதிப்பில் எனக்கு இப்படி நேர்ந்தபோது ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்றே ஒரு நாள் முழுவதும் நம்பினேன்.

இதற்கான தீர்வு மிகச் சிறியது. கால்வாயில் ஓரிடத்தில் மட்டும் நீர் மூலைவிட்டமாகக் கடக்கும்படி வெட்டுங்கள்: ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு நேராகப் போக வழியில்லாமல், முனையோடு முனை தொடும் கட்டத்துக்கே போகும்படி. அழுத்தம் மூலை வழியாகக் கடத்தப்படாது. நீர் கடக்கும், அந்தத் தளத்தின் மட்டத்துக்கு மேல் ஏறாது. தொட்டியின் கூரைத் தளத்துக்குக் கீழே இதைச் செய்துவிட்டால் கிணறு பாதுகாப்பானது.

என் டிசம்பர் கோட்டையில் வெள்ளம் சுரங்க வழியின் மட்டத்தோடு நின்றதற்கும், நீர் வந்த உயரம் வரைதான் ஏறும் என்ற அந்த விதிதான் காரணம். ஓடை அதே தளத்தில் இருந்தது. அதனால் நிலமட்டத்தில் இருந்த பட்டறைகளும் அங்கிருந்த 20 பேரும் தப்பினார்கள்.

2023 பிப்ரவரி 8

தீக்குழம்புக்கும் இதே விதியா என்ற கேள்விக்கு: இல்லை. தீக்குழம்பு தானாகப் பாயும்போது அழுத்தம் கொள்ளாது. இறைப்பொறியால் ஏற்றினால் கொள்ளும். இரண்டையும் குழப்பிக்கொண்டு உலை கட்டாதீர்கள்.

2023 பிப்ரவரி 12

கேள்வி கேட்ட நண்பர், காரணம் தெரியாமல் விழுந்த இரண்டு கோட்டைகளைப் பற்றிக் கூடுதலாக எழுதியிருக்கிறார். நான்காவதில் எல்லோரும் மெதுவாகிவிட்டார்கள், வேலைகள் தேங்கின, சண்டைகள் தொடங்கின, உணவு மட்டும் ஏராளமாக இருந்தது என்கிறார். ஏராளமான உணவு என்ற அந்த ஒரு சொல்லிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குள்ளர்களுக்கு மது பழக்கமாக அன்றி உடலின் தேவையாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. நெடுநாள் மது கிடைக்காவிட்டால் அவர்களின் வேகம் குறையும், மனம் சோரும். உண்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு அடிக்கடி குடிப்பார்கள். மது வடிக்க மூன்று பொருள்கள் வேண்டும்: வடிசாலை, விளைபொருள், காலிப் பீப்பாய். முதல் இரண்டை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். நிலத்தடியில் எல்லாப் பருவத்திலும் விளையும் ஊதா நிறக் காளான் ஒன்று இருந்தாலே போதும். ஒரு காளானுக்கு 5 அளவை மது கிடைக்கும். மறந்துபோவது பீப்பாயைத்தான். உணவுக் கிடங்கை அமைத்தவுடன் குள்ளர்கள் கண்ணில் படும் ஒவ்வொரு காலிப் பீப்பாயிலும் இறைச்சியையும் மீனையும் காளானையும் போட்டு அடுக்கிவிடுவார்கள். உணவு பெருகப் பெருகப் பீப்பாய்கள் தீர்ந்துவிடும். வடிசாலையில் காலிக் கலம் இல்லை என்று ஓர் அறிவிப்பு வரும். அது இருபது அறிவிப்புகளுக்கு நடுவில் புதைந்துவிடும். கிடங்கு நிரம்பி வழியும் கோட்டைதான் வறண்டுபோகிறது.

அந்தக் கோட்டையின் ஆட்டத்தைக் கணினியில் சேமித்து வைத்திருந்தால், அந்தச் சேமிப்பைத் திறந்து பாருங்கள். கிடங்கின் அமைப்பில் பீப்பாய்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க முடியும். மரம் குறைவான நிலமாக இருந்தால் கல்லில் பெரிய பானைகள் செய்யச் சொல்லலாம். அவையும் பீப்பாயின் வேலையைச் செய்யும். கல்லுக்கு இந்த ஆட்டத்தில் என்றுமே பஞ்சமில்லை.

2023 பிப்ரவரி 13

காளானைப் பற்றி நேற்று விட்டுப்போனது: பச்சையாகத் தின்றாலும் மதுவாக வடித்தாலும் விதை மிஞ்சும், சமைத்தால் விதை போய்விடும். சமையல் பட்டியலில் காளானுக்கு எதிரே உள்ள அனுமதியை முதல் நாளே நீக்கிவிடுங்கள். நண்பரின் ஐந்தாவது கோட்டையில் வயல்கள் தரிசாகக் கிடந்தன என்றால், இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

2023 பிப்ரவரி 15

கோப்ளின் படையெடுப்பைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை, ஏனெனில் காரணம் வெளிப்படையாகத் தெரியும் ஒரே அழிவு அதுதான். மக்கள்தொகையும் கோட்டையில் உருவாக்கிய செல்வமும் பெருகினால் படை வரும். வாயிலில் தூக்குப்பாலம், ஓரிரு படைப்பிரிவுகள், நல்ல கவசம் ஆகியவை இருந்தால் தாங்கலாம். எஃகுக்கு ஒரு இரும்புக் கட்டியும் ஒரு வார்ப்பிரும்புக் கட்டியும் சுண்ணாம்புக்கல் போன்ற இளக்கியும் கரியும் சேர்த்தால் இரண்டு கட்டி கிடைக்கும். இளக்கி இல்லாத மலையில் இறங்கிவிட்டால் செம்பையும் வெள்ளீயத்தையும் சேர்த்து வெண்கலத்தோடு நிறைவு கொள்ளுங்கள்; அதுவே பல ஆண்டுகள் தாங்கும்.

2023 பிப்ரவரி 20

பைத்தியம் பிடித்த குள்ளருக்கு வருகிறேன். இதை எழுத நான் ஐந்து நாள் தயங்கியதற்குக் காரணம் உண்டு. நண்பரின் பகடைக் கட்சிக்கு வலுவான சாட்சி இதுதான்.

கோட்டையில் 20 பேராவது சேர்ந்தபின் எப்போது வேண்டுமானாலும் ஒருவருக்கு ஆவேசம் வரலாம். அவர் ஒரு பட்டறையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை விரட்டிவிடுவார். தமக்கு வேண்டிய பொருள்களைத் தாமே சேகரிப்பார். எல்லாம் கிடைத்தால் ஓர் அரும்பொருளைப் படைப்பார். பெரும்பாலான வகை ஆவேசங்களில் அதன்பின் அந்தத் தொழிலில் இணையற்ற தேர்ச்சியும் பெறுவார். கிடைக்காவிட்டால் சில மாதங்களில் சித்தம் கலங்கும். வெறிகொண்டு தாக்கலாம், பித்தேறித் திரியலாம், சோர்வில் மூழ்கி உண்ணாமல் இறக்கலாம்.

பழைய பதிப்பில் ஒருமுறை டோமாஸ் என்ற நெசவாளர் தையல் பட்டறையைப் பிடித்துக்கொண்டார். கல், மரம், எலும்பு என்று வரிசையாக எடுத்து வந்து அடுக்கிவிட்டுப் பின் அசையாமல் உட்கார்ந்தார். பட்டறையைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் அவர் கேட்பவை ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப வரும். எடுத்து முடித்தவற்றையும் சேர்த்தே சொல்லுவார் என்பதால் நாம்தான் கழித்துப் பார்க்க வேண்டும். மிஞ்சியது துணி. கிடங்கில் நார்த்துணி நாற்பது இருந்தது. அவர் தொடவில்லை. பட்டு கேட்கிறார் என்று எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆயிற்று. பட்டு வேண்டுமானால் குகைச் சிலந்தியின் வலையை எடுத்து வந்து நெய்ய வேண்டும். குகைகளுக்குப் போகும் வழியை நானே முந்தைய ஆண்டு கல் வைத்து அடைத்திருந்தேன். திறக்கச் சொல்லி, வலையைத் தேடி ஆள் அனுப்பி, தறியில் ஏற்றுவதற்குள் காலம் முடிந்துவிட்டது. டோமாஸ் சோர்வில் விழுந்தார். உணவுக்கூடத்துக்கு வெளியே நின்றபடியே இறந்தார். அடுத்த மாதம் இலையுதிர் பருவம். தாயகத்திலிருந்து வந்த வணிகச் சாத்தில் பட்டுத்துணி இருந்தது.

ஆவேசம் யாருக்கு வரும் என்பது பகடைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டு ஒன்று, நார்த்துணி ஒன்று, தோல் ஒன்று, பச்சைக் கண்ணாடி ஒன்று, வெட்டாத மணிக்கல் சில, எலும்பு, சிப்பி என்று ஒரு சிறு கிடங்கை முதல் ஆண்டிலேயே வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு சாத்திலும் தேவையிருக்கிறதோ இல்லையோ ஒரு பட்டுத்துணி வாங்குகிறேன். அந்தக் கிடங்குக்கு டோமாஸின் பெயரை வைக்கிறேன்.

2023 மார்ச் 1

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். இதில் பகடை எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்த தொனி இப்போது எனக்கே பிடிக்கவில்லை. சில அழிவுகள் உண்மையாகவே நம் கைக்கு அப்பாற்பட்டவை. குகைகளிலிருந்து ஏறி வரும் பழம்பெரும் மிருகங்களின் உடல், தோல், நஞ்சு எல்லாம் ஒவ்வோர் உலகிலும் புதிதாகக் கோக்கப்படுகின்றன. ஒன்றின் மூச்சுத் தூசி பட்டால் தோல் கொப்பளிக்கும். இன்னொன்று எளிதில் நொறுங்கும் உடலோடு வந்து ஒரே அடியில் உதிர்ந்துவிடும். எது வரும் என்று எந்தத் தேர்ச்சியாலும் முன்கூட்டி அறிய முடியாது. எனவே திருத்திச் சொல்கிறேன்: எது வரும் என்பதில் பகடை உண்டு, வந்தபின் அது ஏன் கொன்றது என்பதில் மிகக் குறைவு.

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களே இப்படித்தான் பார்க்கிறார்கள் என்பதற்குப் பூனைகளின் கதை போதும். டார்ன் ஆடம்ஸும் அவருடைய அண்ணன் ஸாக் ஆடம்ஸும் 2002 முதல் இதை வளர்த்து வருகிறார்கள். 2006 ஆகஸ்ட் 8 அன்று முதன்முதலில் வெளியிட்டார்கள். 2015 டிசம்பரில் வந்த பதிப்பில் மதுக்கூடங்கள் சேர்ந்தன. உடனே கோட்டைகளில் பூனைகள் இறக்கத் தொடங்கின. தாக்கியவர் எவருமில்லை. டார்ன் தேடிப்போய்க் கண்டுபிடித்தார்: மதுக்கூடத்தில் குள்ளர்கள் மதுவைத் தரையில் சிந்துகிறார்கள், பூனை அதன்மேல் நடக்கிறது, பாதத்தை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறது, நக்கியதை ஒரு முழுக் கோப்பை குடித்ததாகக் கணக்கிட்டிருந்தது நிரல், சிறிய உடல் அந்த அளவைத் தாங்கவில்லை. ஒரு பூனையின் சாவுக்குப் பின்னால் மதுக்கூடம், சிந்தல், பாதம், நாக்கு, உடலின் அளவு என்று இத்தனை படிகள். ஒவ்வொரு படியும் தனித்தனியே சரியாகவே எழுதப்பட்டிருந்தது, அளவு ஒன்றைத் தவிர.

2012-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்கு முதன்முதலாக 14 கணினி விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்தபோது இதையும் சேர்த்தது. அன்று இதற்குப் படங்களே கிடையாது. குள்ளர் என்பது ஒரு சிரித்த முகக் குறி, தொழிலுக்கேற்ப ஒரு நிறம். அந்த எழுத்து வடிவப் பதிப்பை இன்றும் இலவசமாகத் தரவிறக்கலாம். படங்களோடு ஆடுவதா எழுத்துகளோடு ஆடுவதா என்று முன்னர் ஒருவர் கேட்டிருந்தார். புதிதாகத் தொடங்குபவர் படங்களோடே தொடங்கட்டும். கண்ணுக்குப் பழகும் உழைப்பு மிச்சமாகும்.

2023 மார்ச் 2

நேற்றுப் பூனையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, தன் கோட்டையில் காலிப் பீப்பாய்களை எண்ணிப் பார்த்ததாக நண்பர் சொல்கிறார். மொத்தம் 63 பீப்பாய், காலியானது ஒன்றும் இல்லை, 41-இல் மீன். மகிழ்ச்சி. மீன்பிடிப்பதை நிறுத்திவிட்டு அந்தச் சேமிப்பிலிருந்தே தொடருங்கள். புதிதாகத் தொடங்க வேண்டாம்.

2023 மார்ச் 11

அப்படிச் சொன்ன நானே என் டிசம்பர் கோட்டையை வெள்ளத்தோடு கைவிட்டிருந்தேன் என்பது உறுத்தியது. போன வாரம் அந்தச் சேமிப்பைத் திறந்தேன்.

20 பேரும் நிலமட்டத்துப் பட்டறைகளுக்கிடையில் தரையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழ்த் தளங்கள் அனைத்தும் நீருக்குள் இருந்தன. உடல்களை எடுக்க வழியில்லை. அடக்கம் செய்யப்படாதவர்கள் ஆவியாகத் திரும்புவார்கள் என்பது இந்த ஆட்டத்தின் விதி. உடல் கிடைக்காவிட்டால் பெயர் பொறித்த நினைவுக்கல்லை நிறுத்தினாலும் அவர்கள் அமைதி அடைவார்கள். எனவே முதலில் மலையின் மறுபக்கத்தில் புதிய படிக்கட்டைத் தொடங்கினேன். அதன்பின் 11 கற்கள் வெட்டச் சொன்னேன். கல் செதுக்கத் தெரிந்தவர் ஒருவரே மிஞ்சியிருந்தார். பதினொன்றையும் செதுக்கி முடிக்கும் வரை அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கவில்லை. சுமக்கும் வேலையையும் நீக்கிவிட்டேன்.

புதிய உணவுக்கூடத்தின் சுவரை அவரே அலங்கரித்தார். என்ன செதுக்குவது என்பதைப் பெரும்பாலும் நாம் அவர்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறோம். கோட்டையில் நடந்தவற்றிலிருந்தும் அவர்கள் எடுத்துக்கொள்வதுண்டு. மூன்றாவது கட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் படித்தேன். கடோலின் உருவமும் அவரைச் சூழ்ந்த நீரும் அதில் இருந்தன.

இப்போது குளிர்காலம். ஓடை உறைந்திருக்கிறது. புதிய கால்வாயில் மதகு நிறுவியாகிவிட்டது. பொறிகள் ஆறு செய்து வைத்திருக்கிறேன். நெம்புகோல் உணவுக்கூடத்தின் வாசலில், கடோலின் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூலைவிட்டத் திருப்பம் இரண்டு இடங்களில் வெட்டியிருக்கிறேன், ஒன்று போதும் என்று தெரிந்தும். பனிச்சுவரின் கடைசிக் கட்டத்தை இன்னும் வெட்டவில்லை. நெம்புகோலை இருமுறை இழுத்துப் பார்த்து, மதகு மூடித் திறப்பதைக் கண்ணால் கண்டபின்தான் அதற்குக் கட்டளை கொடுப்பேன். வசந்தத்துக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது.